கிழங்கு சீவ ஓர் ஆள்

அன்புள்ள எல்வினுக்கு,

வெர்ணா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஹாலிஃபாக்ஸில் இந்நேரம் மழை பிடித்திருக்கும். இங்கே முதல் பனி விழுந்து வயலெல்லாம் வெளுத்துவிட்டது. நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறை அளவாக இருக்கிறது, நிறம்தான் சகிக்கவில்லை.

இந்த வருஷத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடு, அந்த ஊரில் நீ என்றைக்கும் விருந்தாளிதான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. உண்மையாக இருந்ததால் வந்த கோபம். அடுத்த வருஷமும் இருப்பேனா என்று தலைமையாசிரியர் வேறு பதில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாம் வகுப்புக்கு ஒரு நாவல் நடத்துகிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஓக்லஹோமாவிலிருந்து கனடாவின் இந்த மேற்குச் சமவெளிக்கு நிலம் தேடி வந்த நம் கறுப்பின ஜனங்களின் கதை, ஹேட்டி என்ற பெண் சொல்வது. கறுப்பர்களை உள்ளே விடக் கூடாது என்று ஊரார் மனு எழுதிக் கையெழுத்து வாங்கும் இடத்தில் பிள்ளைகள் கொதித்துப்போனார்கள். அது சுலபம், கெட்டவர் யாரென்று தெரிந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில்தான் சிக்கல். அறுவடை விருந்தன்று ஹேட்டியின் அம்மா கையை மடித்துவிட்டுக்கொண்டு தேவாலயச் சமையலறைக்குள் போகிறாள். அங்குள்ள பெண்கள் சிரித்த முகத்தோடு அவளை வெளியே கூட்டி வந்து நல்ல நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அழுகிறாள்.

"மரியாதையாத்தானே நடத்துனாங்க? இதுக்குப்போய் யாராவது அழுவாங்களா?" என்றான் டேன். கிறிஸ்டா விடவில்லை. "உன்ன உங்க வீட்டுல உக்கார வச்சா உபசரிக்கிறாங்க? குப்பையக் கொட்டிட்டு வாடான்னுதானே சொல்றாங்க!" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பி, "டீச்சர், எங்கம்மாவும் வருஷா வருஷம் உங்கள அப்படித்தானே உக்கார வைக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அவள் அம்மா டோரீன்தான் இங்கே தேவாலயச் சமையலறைக்கு ராணி. அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கிறிஸ்டா வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பாளா? மறுநாள் கடையில் டோரீன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புத்தகத்தை நிறுத்தச் சொல்லிப் பள்ளிக்கு வரப்போகிறாள் என்று பயந்தேன். மறைப்பானேன், பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசிகூடத் தட்டினேன்.

அறுவடை விருந்தன்று காலையில் டோரீன் என் வாசலில் வந்து நின்றாள். "கெழங்கு மூட்டை மூட்டையா கெடக்கு, கெளம்புங்க" என்றாள். அவ்வளவுதான். சமையலறையில் ஓர் ஏப்ரனைத் தூக்கி என்மேல் எறிந்தாள். நான் சீவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், "தோலோட பாதிக் கெழங்கும் போகுதே! பாடமும் இந்த லட்சணத்துலதான் நடத்துறீங்களா?" என்று சத்தம் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கா பதில் சொல்லத் தெரியாது? "மூணு வருஷமா உக்கார வச்சே சோறு போட்டீங்க, நான் எங்க போய்ப் பழகுறது?" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. டோரீன், "என் தப்புதான்" என்று சொல்லி, இன்னொரு வாளிக் கிழங்கை என் பக்கம் தள்ளினாள். பக்கத்தில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாயிற்று.

ஊர் மாறிவிட்டது என்று எழுதமாட்டேன். கடைக்காரர் இன்னும் என் கைப்பையை ஒரு பார்வை பார்த்துத்தான் விடுகிறார். ஆனால் இடுப்பு வலிக்க வேலை செய்துவிட்டு வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன். இருக்கிறேன் என்று தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தவறு, திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே நேரில் வந்து திட்டுங்கள்.

கிளம்பும்போது டோரீன், "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்று உங்களைப் பற்றிக் கேட்டாள். அடுத்த அறுவடைக்கு வருவார் என்று துணிந்து சொல்லிவிட்டேன். அதற்கு அவள், "சும்மா உக்காந்து சாப்புடற எண்ணமிருந்தா அங்கேயே இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழங்கை உட்கார்ந்தும் சீவலாம். கர்த்தர் உங்களைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
வெர்ணா