உயர் வகுப்பு இருக்கை கோருதல் – தொடர்பாக

உபுத், பாலி
ஐப்பசி 12, புதன்கிழமை காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

மதிவதனி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், அம்மா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாள். உங்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. முப்பத்து நாலு வருஷம் கலெக்டர் ஆபீசில் மனுப் பிரிவில் இருந்தவர் நீங்கள். வீட்டிலும் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடு என்றுதான் சொல்வீர்கள். ஒன்பதாம் வகுப்பில் சைக்கிள் கேட்டு நான் எழுதியதைத் தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தீர்கள். இதில் தேதி போட்டிருக்கிறேன். ஹோட்டல் தாளில் எழுதி, படம் எடுத்து அம்மா போனுக்கு அனுப்புகிறேன். வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடையில் உமேஷ் அண்ணன் பிரிண்ட் போட்டுத் தருவார். போடும்போது அவரும் படிப்பார். படித்தால் படிக்கட்டும்.

இந்த ஊர் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. மழை தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து போகிறது. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. சிவகணேஷுக்கு மட்டும் எதைக் கொடுத்தாலும் இதில் மீன் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது. சமையல்கார அம்மாளுக்கு அவரைப் பார்த்தாலே சிரிப்பு. இப்போதெல்லாம் அவளே வந்து கையால் மீன் மாதிரி நீந்திக் காட்டி, தலையை இல்லை என்று ஆட்டிவிட்டுத் தட்டை வைக்கிறாள்.

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். சென்னை விமான நிலையத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போகும்போது பிசினஸ் கிளாஸ் இருக்கையை இலவசமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு மாதமாகவே திட்டம் போட்டிருந்தேன். அம்மாவிடம்கூடப் போனில் சொல்லியிருந்தேன். தேன்நிலவு என்று சொல்லிக் கேட்டால் சில சமயம் தருவார்களாம். சீக்கிரம் போகணும், நன்றாக உடுத்திக்கொண்டு போகணும், சிரித்த முகமாகக் கேட்கணும் என்று இணையத்தில் நிறைய பேர் எழுதியிருந்தார்கள். செங்கம் ரோட்டு விடுதியில் ஆறு வருஷமாக வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேனே, எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து, கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு கேட்டால், மலை தெரிகிற மாடி அறை காலியாக இருக்கும்போது நானே எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன். எனவே மாம்பழக் கலர் புடவை, புது மருதாணி, கவுண்டரில் இருப்பவர்களுக்கு ஒரு டப்பா அதிரசம் என்று தயாராகப் போனேன்.

சிவகணேஷுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அவர் வீட்டு நடப்பு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவருடைய அப்பா சம்பந்தமூர்த்தி குருக்கள் கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்பவர் என்பதால், பௌர்ணமி கிரிவலம் வந்தால் இவருடைய போன் ஓயாது. கூடப் படித்தவன், பேங்க் மேனேஜர், மேனேஜரின் மச்சினன் என்று எல்லாருக்கும் வரிசையில் நிற்காமல் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருவரிடமும் முடியாது என்று சொல்லிச் சொல்லி, கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின வாரமே போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். யாரிடமும் எதையும் கேட்கிற வழக்கமே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. இல்லை என்று சொல்கிறவருக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா, கவுண்டர்ல இருக்கற பெண்ணை எதுக்கு அந்த நிலையில் நிறுத்துறே என்றார். நான் கேட்டுத்தான் தீருவேன் என்றதும், நாலடி தள்ளி நின்று, அவிழாத ஷூ கயிற்றைக் குனிந்து கட்ட ஆரம்பித்துவிட்டார்.

கவுண்டரில் சின்னப் பெண். தேன்நிலவு போகிறோம், முன்னால் இடம் காலியாக இருந்தால் பார்த்துக் கொடுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். ஐப்பசி முகூர்த்தம் ஆரம்பித்ததிலிருந்து இதே பாட்டுதானாம். அன்று காலையில் மட்டும் நாங்கள் ஏழாவது ஜோடி. எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதிரச டப்பாவை நீட்டுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயரை அடித்தவள் சட்டென்று நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலை பலித்துவிட்டது என்று நான் நினைத்தேன். பாஸ்போர்ட்டில் ஏதோ கோளாறு என்று சிவகணேஷ் நினைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

உள்ளேயிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். அன்புச்செல்வி என்று மார்பில் பெயர் குத்தியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பழுப்புக் கவர். எங்களைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப்போய், “இராமலிங்கம்ங்கறவரு யாருங்க?” என்று கேட்டார்.

அப்பா, உங்களுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது, நான் போன் எடுக்காததால் இங்கே தகவல் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எங்க அப்பாங்க, என்ன ஆச்சுங்க என்று கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருப்பார் என்று சொல்லிவிட்டு, கவரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

இடப்பக்கம் இரண்டு விரல் ஓரம் விட்டு, உங்கள் கையெழுத்து.

அவர்கள் ஆபீசுக்குத் தினமும் நூறு மெயில் வருமாம். கவுண்டரில் வந்து கேட்பவர்களுக்குக் கணக்கே இல்லையாம். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, தமிழில் மனு வந்தது இதுதான் முதல் தடவை என்றார். அதற்குப் பதில் போகாததால் ஒரு நினைவூட்டு. அதற்கும் பதில் இல்லாததால் இரண்டாம் நினைவூட்டு. ஆபீசில் எல்லாரும் சுற்றி நின்று படித்தார்களாம். அதற்கப்புறம்தான் அந்த அம்மா எங்கள் பயணச்சீட்டில் குறிப்புப் போட்டு வைத்திருக்கிறார். ‘அம்மன் பாதத்துல வெச்சு எடுக்கணும், டிக்கெட்டு காப்பி ஒண்ணு குடு’ என்று நம் அம்மா என்னிடம் வாங்கிப் போனது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் எழுதியதை நீங்களே மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் நான் படித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

‘பொருள்: விமானப் பயணம் – புதுமணத் தம்பதியர் – உயர் வகுப்பு இருக்கை கட்டணமின்றி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மேற்படி பயணிகளில் முதலாமவர் என் மகள். இரண்டாமவர் என் மருமகன். என் மருமகன் ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவர். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணப் பதிவின்போது பெஞ்சில் அமர்ந்திருந்த அவருடைய முழங்கால் எதிரிலிருந்த மேசையில் இடித்துக்கொண்டிருந்ததை நேரில் கண்டேன். சாதாரண இருக்கையில் இத்தனை மணி நேரம் அவர் சிரமப்படுவார் எனத் தெரியவருகிறது. இவர்களது திருமணத்தில் பெண்ணின் தகப்பன் என்ற முறையில் நான் செய்ய வேண்டியவற்றைச் செய்யத் தவறிவிட்டேன். அக்குறை என்னைச் சார்ந்தது. அவர்களைச் சார்ந்தது அல்ல. எனவே இக்கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

நான் படித்து முடித்து சிவகணேஷிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். முதல் பத்தியைத் தாண்டவேயில்லை. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், இவர் நகரவில்லை.

“மருமகன்னு போட்டிருக்காரு மதி. ரெண்டு எடத்துல போட்டிருக்காரு” என்றார்.

அன்றைக்குப் பதிவு ஆபீசில் இவர் வணக்கம் சொன்னபோது நீங்கள் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினீர்கள். கண்ணாடி உங்கள் மூக்கில் இருந்தது. பிறகு என் கையில் அம்மாவின் வளையலைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்காகத்தான் இந்த இரண்டு மாதமும் உங்களோடு நான் பேசவில்லை. அன்று அங்கே நீங்கள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்திருந்தேன். அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மனு ஏற்கப்படவில்லை. பிசினஸ் கிளாஸ் முழுக்க நிறைந்துவிட்டது, காலியாக இருந்தாலும் இப்படிக் கொடுக்க விதியில் இடமில்லை என்று அந்த அம்மா சொன்னார். சொல்லும்போது அவருக்கே வருத்தம்தான். ஆனால் சாதாரண வகுப்பில் முதல் வரிசை, எதிரே இருக்கை இல்லாத இடம், இரண்டு சீட்டு எங்களுக்கென்று தன் அதிகாரத்தில் பிடித்து வைத்திருந்தார். காலை நீட்டிக்கொண்டு போகலாம். அதிரச டப்பாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் பங்கு போடச் சொன்னதற்கு, முதலில் தனக்கு இரண்டு எடுத்துக்கொண்டார். உங்கள் மனுவின் நகல் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதில் போடாமல் விட்டது தப்புதான், அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க என்றார். சொல்லிவிட்டேன்.

விமானத்தில் சிவகணேஷ் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தார். எனக்கு முன்னால் திரை மறைப்பு, அதற்கு அந்தப்பக்கம் தட்டுச் சத்தமும் வாசனையும். எட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பாலி வரும் வரைக்கும் அந்த நகலையே படித்துக்கொண்டு வந்தார். ‘தெரியவருகிறது’ என்று எதற்குப் போட்டிருக்கிறார், அவரே பார்த்ததுதானே என்று கேட்டார். ஆபீஸ் பழக்கம், சாம்பாரில் உப்பு குறைந்தாலும் அப்படித்தான் சொல்வார் என்றேன். அவர் அடக்க முடியாமல் சிரித்ததில் பக்கத்து இருக்கைக்காரர் தூக்கம் கலைந்து விழித்துவிட்டார்.

நேற்று ஒரு கோயிலுக்குப் போனோம். பூசாரி ஒருவர் மணி ஆட்டிக்கொண்டு, பூவை நீரில் தோய்த்து மந்திரம் சொன்னார். இவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெதுவாகக் கூடவே சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பூசாரி நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். பாஷை தெரியாமல் இரண்டு பேரும் அரைமணி நேரம் கையைக் காட்டியே பேசிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது, உங்களை ஒருநாள் இங்கே அழைத்து வர வேண்டும் என்றார். உங்கப்பா என்றுதான் எப்போதும் சொல்வார். நேற்று மாமா என்றார்.

அவர் வீட்டில் முதலில் கோபித்துக்கொண்டவர்கள் புரட்டாசியிலேயே எங்களை அழைத்துவிட்டார்கள். அதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு நீங்கள் எழுதியதே போதும். அவருக்கும் போதும் என்றுதான் சொல்கிறார். ஆனால் அவர் கேட்க மாட்டார், அப்பா. ஆயுசுக்கும் கேட்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையில் இறங்கி, மத்தியானத்துக்குள் ஊருக்கு வந்துவிடுவோம். ஞாயிறு நம் வீட்டில் கறி எடுப்பது வழக்கம், அதை எங்களுக்காக நிறுத்த வேண்டாம். அவருக்குக் கொஞ்சம் ரசமும் அப்பளமும் இருந்தால் ஆயிற்று. வேறு ஏற்பாடு எதுவும் வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உங்கள் முழங்காலைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சனிக்கிழமைக்குள் ஒருதடவை அவர் போனுக்குக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு வர்றீங்க என்று மட்டும் கேளுங்கள். என்னைக் கேட்க வேண்டாம், அவரைக் கேளுங்கள். அவருடைய நம்பரைத் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். போனை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை.

இருவரையும் ஆசீர்வதியுங்கள்.

உங்கள் மகள்,
மதி