காவின் ஏற்காத பதவி

ஸ்காட்லாந்து, வடகடற்கரை
1807 மார்ச் 9

அன்புள்ள யூஃபீமியா அக்காவுக்கு, தங்கை கிரிஸல் வணங்கி எழுதுவது.

பிள்ளைகளுக்கு இருமல் விட்டது. கடல் காற்றுதான் இன்னும் கடிக்கிறது. உன் முழங்கால் வலி தேவலையா?

லண்டனில் நீ பாடம் சொல்லித்தரும் வீட்டுச் சீமாட்டி இப்போது உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். அவருடைய கணவர் அரசரிடம் சொல்லி வாங்கித் தந்த பதவியை என் வீட்டுக்காரர் காவின் வேண்டாம் என்றுவிட்டார். யாருக்குத்தான் கோபம் வராது? நடந்ததை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலுக்கென்று அரசர் புதிதாக ஏற்படுத்திய பேராசிரியர் பதவியில் காவினை நியமித்து ஆணை வந்த அன்று, வீடு கல்யாண வீடாக இருந்தது. பாசிகளைப் பற்றித் தான் எழுதிய சிறு புத்தகத்தை யாரோ அரசர் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். நான் உன்னைக் கெஞ்சியதும், நீ சீமாட்டியைக் கெஞ்சியதும் அவருக்குத் தெரியாது. நானும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவருடைய நண்பர் ஸ்கீன் வந்தார். ஒன்பது வருஷமாகப் பதவி எதுவும் இல்லாமலே அந்தப் பாடத்தை நடத்தியவர். அங்கே இருக்கும் மூலிகைத் தோட்டம் அவர் கையால் வந்தது. பதவி அவருக்குத்தான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஓட்ஸ் ரொட்டி வைத்தேன், தொடவில்லை. காவினின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குக் கிடைச்சதுல சந்தோஷம்தான்டா. வேற எவனாவது வந்திருந்தா என் தோட்டத்தைப் பிடுங்கிட்டு முட்டைக்கோஸ் போட்டிருப்பான்" என்று சிரித்தார். வாசல் தாண்டியதும், ஷூ நாடாவைக் கட்டுவதுபோல வெகுநேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே காவினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "அப்போ என் புத்தகத்தை ஒருத்தருமே படிக்கலையா, கிரிஸல்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அக்கா.

மூன்றாம் நாள் மறுப்புக் கடிதம் போய்விட்டது. ஸ்கீனுக்குக் கொடுங்கள் என்றும் அதில் எழுதினார். பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுக்கே வந்து, "ராஜா குடுக்கறதை வேண்டாம்னு சொல்ல நீ என்ன அவருக்கு மேலயா?" என்று கத்தினார்.

பதவி ஸ்கீனுக்கும் போகவில்லை. யாரோ ஒரு கர்னலின் மருமகனுக்குப் போயிற்று. அவர் எடின்பரோவை விட்டு வரமாட்டாராம். பாடத்தைத் தனக்குப் பதிலாக ஸ்கீனே நடத்தட்டும் என்று எழுதிவிட்டார். "நீ வாங்கியிருந்தா உன்கிட்ட வேலை பாத்திருப்பேனே, முட்டாள்! இப்போ முகம் தெரியாதவனுக்குப் பாக்கறேன்" என்று ஸ்கீன் சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் காவினோடு பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான், பிரார்த்தனை முடிந்து வரும் வழியில், ஏதோ செடியின் பெயருக்காக இருவரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

காவின் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அதற்கான தண்டனையை நீ அங்கே தனியாக அனுபவிக்கிறாய் என்பது தெரியும். சீமாட்டியிடம் பழியை என்மேல் போடு. அந்த வீட்டில் இனி இருக்க முடியாது என்று தோன்றினால் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காதே, கப்பலேறி வந்துவிடு. மேல்மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. நான் சொல்லவே இல்லை, காவினேதான் அடித்தார்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
கிரிஸல்