கேக் கடை வெப்சைட்டில் கோட் போட்ட ஆள்

வலன்ரைன்,

பிரிஜ்ஜில் மீன்குழம்பு இருக்கிறது. நீங்களே சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

முந்தாநாள் வத்தளையிலிருந்து ஒரு பெண் வெயிலில் இரண்டு பஸ் ஏறி எங்கள் கேக் கடைக்கு வந்தார். மகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் நாளுக்கு முட்டையில்லாத கேக் செய்வோமா, வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோமா என்று கேட்கத்தான். "உங்கட வெப்சைட்டில போன் நம்பரே இல்லையே, மிஸ். கோட் போட்ட ஒராள்ட படம்தான் எல்லாப் பக்கத்திலயும் கிடக்கு" என்றார்.

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. இதையே நான் சொன்னபோது, "உமக்கு டிசைன் விளங்காது" என்றீர்கள்.

இன்று காலை உங்கள் படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். முதல் பக்கத்தில் என் நம்பரும் விலைகளும் இருக்கின்றன. பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று. அவருடைய கேக்கைக் கொடுக்க வத்தளைக்குப் போகிறேன்.

ரொஷேல்

பி.கு: இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று பேர் அழைத்தார்கள். ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை.