அடியில் சுடும் தண்ணீர்

என் அருமை நைனாவுக்கு,

வரலாற்றில் பதியவேண்டிய ஒரு செய்தி. நம் ஏரியில் விழும் அனல்மின் ஆலைச் சுடுநீரை வரைபடத்தில் இனிச் சிவப்பாகக் காட்டுவதில்லை, இளமஞ்சளாகக் காட்டுவது என்று நிபுணர் குழு ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறது. சிவப்பைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்களாம்.

நீ கண்மூடி எட்டு மாதமாகிறது. குழுவின் கணினிக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது: சூடான நீர் லேசானது, மேலே மிதக்கும், காற்றில் ஆறிவிடும், நீ வலை போட்ட இடத்தில் அடியில் மேயும் இறாலுக்கு ஒன்றும் ஆகாது. சரிபார்த்தீர்களா என்று கேட்டேன். இரண்டு முறை ஓட்டினோம், இரண்டும் ஒத்துப்போயின என்றார்கள். ஏரியிலும் அளந்தார்களாம். சுடுநீர் மேலேதான் இருக்கும் என்று கணக்கு சொல்வதால், மேலே மட்டும் அளந்தார்கள்.

பொன்னேரி விசாரணையில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "மேல சில்லுனுதான் சார் கீது. அடில காலு வச்சா சுடுது. உப்பு ஏறிப்போன தண்ணி, கனம். அதான் எறங்குது."

"பெரியவரே, சுடுதண்ணி மேலதான் வரும். ஸ்கூல்லயே சொல்லித் தராங்க," என்றார் அதிகாரி.

"உங்க ஸ்கூல்ல உப்பு போடலியா சார்?"

அவரும் சிரித்தார். பிறகு நீ, அடித்தண்ணீர் பிடித்துவந்த கேனை மேசைமேல் வைத்தாய். படகு, பேருந்து, காலையிலிருந்து வரிசை. அவர் விரலை விட்டுப் பார்த்து, தண்ணீர் குளிர்ந்தே இருந்தது என்று எழுதிக்கொண்டார். சூடு ஆறியிருந்தது. உப்பு ஆறவில்லை. நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை?

குழுவின் அறிக்கையை உனக்குப் படித்துச் சொன்னவள் நான்தான். அதன் கடைசிப் பக்கத்தைப் போன வாரம்தான் படித்தேன். ‘உப்பின் அளவு எங்கும் ஒன்றே எனக் கொள்ளப்பட்டது.’ ஒரே வரி. ஆறும் கடலும் கலக்கிற ஏரியில், நைனா. ஆலை பாதித் தண்ணீரை ஆவியாக்கிவிட்டு மீதியை நம் பக்கம் தள்ளுகிறது. அந்த உப்பு எங்கே போகும்? ஆவியோடு பறந்துவிடுமா? இதைக் கேட்க உனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. அவர்களுக்குப் படிப்பு இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. நானோ படித்தும் கடைசிப் பக்கம் வரை போகவில்லை.

அடுத்த விசாரணைக்கு நான் போகிறேன். கேன் கொண்டுபோக மாட்டேன். அதிகாரியைப் படகில் ஏற்றி உன் இடத்துக்குக் கூட்டிவந்து, செருப்பைக் கழற்றி இறங்கச் சொல்வேன். அவர் கால் ஏரியின் அடித்தரையில் படும்வரை படகு திரும்பாது. இது உன்மேல் சத்தியம்.

நேற்று ஊர் கூடிப் பாடு பிரித்தார்கள். யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று வழக்கம்போல் சீட்டுக் குலுக்கினார்கள். இறால் இல்லாமல் போன உன் இடத்துக்குச் சீட்டு எழுதவில்லை.

பசியாவரத்திலிருந்து,
உன் மூத்த மகள்