டிவியை நிறுத்திய ஞாயிறு

ராஜபாளையம்
மார்கழி, ஞாயிறு சாயங்காலம்

என் தங்க மகள் சத்யப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் தம்பி கௌதமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கோயம்புத்தூரில் நீயும் அனுசியா சித்தியும் சித்தப்பாவும் அதே மாதிரி இருக்க வேண்டும், எனக்கு அது போதும். தினமும் போனில் பேசுகிற அப்பா ஏன் பேப்பரும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். நாம் போனில் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும் தாயி. சாப்ட்டியா, சாப்ட்டேன், படிச்சியா, படிச்சேன், தம்பி என்ன செய்தான், தூங்குதான், சரி வச்சிரட்டா. அதுக்கு மேல் உனக்கும் வருவதில்லை எனக்கும் வருவதில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன், வருகிற வரைக்கும் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது, நீ எட்டாம் கிளாஸ் தமிழ் டீச்சர் மாதிரி பிழை திருத்திக்கொண்டு இருக்காதே.

இங்கே பனி ஜாஸ்தி. மாடிப் படிக்குக் கீழே சுவரில் மழைக்கு ஓதம் ஏறியிருக்கிறது, ஆள் வரச்சொன்னேன், வாரேன் வாரேன் என்கிறான், வந்தபாடில்லை. மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் பக்கம் மோட்டாரை ஓட்டுகிற பழைய டிரைவ் எல்லாம் மாறிமாறி மக்கர் பண்ணுகிறது, ஒன்றைச் சரி பண்ணி நிமிர்ந்தால் பக்கத்து மெஷின் நிற்கிறது. தளவாய்புரத்துப் பாண்டீஸ்வரி அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை, போனால் எல்லாரும் என் முகத்தையே பார்ப்பார்கள். இதெல்லாம் விஷயம் இல்லை. விஷயம் டிவி. சிரிக்காதே, டிவியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உங்கம்மா போனதும் டிவி மேல் துண்டைப் போட்டு மூடி பிளக்கைப் பிடுங்கி வைத்தார்களே, ஞாபகம் இருக்கும். துக்க வீட்டில் டிவி ஓடக்கூடாது. காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவின உடனே யாரோ ஒரு பெரியவர், துக்கத்த எடுத்தாச்சில்ல, டிவியப் போடுங்கப்பா, வீடு வீடா இருக்கட்டும் என்றார். போட்டார்கள். அன்றைக்குப் போட்டதுதான் சத்யா, நீ சித்தியோடு கிளம்பினபோதும் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதில்லை. காலையில் ராசிபலன், பிறகு சமையல், பிறகு சீரியல், நடுநடுவே நகைக்கடைக்காரன் கத்துகிறான். நானும் ஷிப்ட் முடிந்து வந்து அது எதிரில் உட்காருவேன், என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது பேசுகிற வரைக்கும் நாம் பேச வேண்டியதில்லை, அம்புட்டுதான்.

தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சுடலைமாடத்தி அக்கா நீ போன பிறகு வந்தவர், உனக்கு அவ்வளவாகத் தெரியாது. சேத்தூர்க்காரர், தனி ஆள், முக்கால்வாசி ஆயுசு ரிங் பிரேமில் வேலை பார்த்தவர். நம்ம மில்லுக்குள் நீ வந்ததில்லை, மெஷின் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள். நூல் அறுந்தால் ஒரு சைகை, டீக்கு ஒரு சைகை, சூப்பர்வைசர் வருகிறார் என்றால் மீசையைத் தடவுவார்கள், அவருக்கு மீசையே இல்லாவிட்டாலும். மெஷின் நின்றுவிட்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டிப் பட்டென்று கவிழ்ப்பார்கள். மாடத்தி அக்கா நல்ல மனுஷிதான், தம்பிக்கு நேரத்துக்குச் சோறு, குளிப்பாட்டு, தூக்கம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் டிவி முழுச் சத்தத்தில் அலறும்போது அதைக் குறைத்துவிட்டுப் பிள்ளையிடம் வாய் திறந்து பேச அவருக்குத் தோன்றாது. சத்தம் இருந்தால் கை தானாக எழுந்துவிடும். சோறு வேணுமா, கை. தூங்குதியா, கை. அங்க போகாத, கை. நானும் ஒரு நாளைக்குப் பாதி மில்லில் கிடக்கிறவன், எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

தம்பிக்கு ஒரு வயசு தாண்டிவிட்டது. மாமா, பாபா, ஒரு சத்தம் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று பயந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன், உன்னிடம் சும்மா தடுப்பூசி என்றுதான் சொன்னேன். காது நன்றாக இருக்கிறது. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர், வீட்டுல இவன்கிட்ட யாரு பேசுவா என்று கேட்டார். டிவி ஓடும்மா என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிவி இவன்கிட்ட பேசலயே சார், அது பொதுவா பேசுது, இவன் முகத்தப் பார்த்து இவனுக்குன்னு ஒருத்தர் பேசணும், மொதல்ல அத நிறுத்துங்க என்றார். எனக்கு அது உடனே புரிந்தது. சென்சார் மாதிரிதான். நூலில் ஒரு முடிச்சு வந்தால் சென்சார் பிடிக்க வேண்டும், சுற்றிலும் இரைச்சல் ஜாஸ்தியாக இருந்தால் எது முடிச்சு எது இரைச்சல் என்று அதுக்குத் தெரியாது, கடைசியில் எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நம்ம பிள்ளை அப்படித்தான் விட்டுவிட்டான். எம்புட்டுப் படித்து என்ன, மில்லில் அதைச் சரி பண்ணுகிறவனுக்கு வீட்டில் தெரியவில்லை.

வந்ததும் நிறுத்தினேன். மாடத்தி அக்கா ஒரு மணி நேரம் தாங்கவில்லை. சத்தம் நின்னா எனக்கு நெஞ்சு படபடங்குது, மில்லுல சத்தம் நின்னா ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம், ஓடிப் போய்ப் பாக்கணும், இங்க எங்கிட்டு ஓட என்கிறார். அவன்கிட்ட பேசுங்கக்கா என்றேன். என்னத்தப் பேச, மொதல்ல நீங்க பேசுதியளா என்றார். காலையில் நான் மில்லுக்குப் போனதும் திரும்ப டிவி. ரிமோட்டை எடுத்துப் பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனேன், டிவியில் இருக்கிற பட்டனை அழுத்திப் போட்டுவிட்டார். தம்பியும் சத்தம் இல்லாவிட்டால் தூங்க மாட்டேன் என்று கத்துகிறான், பழக்கம் அப்படி. ஒரு நாள் நான் கோபத்தில் கத்திவிட்டேன், அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு, வேற ஆளப் பாத்துக்கிடுங்க, பிள்ள பாவமேன்னுதான் வந்தேன் என்று வாசல் வரைக்கும் போய்விட்டார். கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்தேன், டிவியும் பழையபடி ஓடியது. அவர் போனால் அடுத்த நாள் நான் எப்படி மில்லுக்குப் போவேன் சொல்லு. எல்லாப் பக்கமும் முட்டுகிறது தாயி.

இன்றைக்கு மத்தியானம் திருவில்லிபுத்தூரிலிருந்து உன் சங்கிலிப்பாண்டி மாமாவும் அத்தையும் தம்பியைப் பார்க்க வந்தார்கள். கேபிள் டிவி நடத்துகிற உன் மாமாவைப் பற்றித்தான் தெரியுமே, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டிவி எப்படித் தெரிகிறது என்று பார்ப்பார். படம் புள்ளி புள்ளியாத் தெரியுதே மாப்ள, நம்ம வீட்டு மானம் போகுது என்று மொட்டைமாடிக்கு ஏறி வயரை நோண்டிவிட்டு வந்தார். அப்போது ஏதோ சீரியல். ஒரு பொம்பளை பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அம்மா வந்துட்டேன்டா, அம்மா வந்துட்டேன்டா என்று அழுகிறாள். தம்பி தவழ்ந்து போய் டிவி ஸ்டாண்டைப் பிடித்து எழுந்து நின்று அந்தப் பொம்பளை முகத்தில் உள்ளங்கையால் தட்டுகிறான். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஐயோ பாவி, எப்படிப் பாக்கான் பாருங்களேன் என்றாள். மாமா, அம்மாங்கிற வார்த்தைய இந்த வீட்டுல வேற யாரு சொல்லுதா, டிவிதான சொல்லுது என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், சொன்ன பிறகு அவருக்கே என்னவோ ஆகி வேறு பக்கம் பார்த்தார்.

நான் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். கேபிள் பெட்டியைக் கழற்றி வயரோடு மாமா மடியில் வைத்து, மச்சான், கனெக்சனக் கட் பண்ணிருங்க என்றேன். என்ன மாப்ள, கேபிள்காரன்கிட்டயேவா என்று சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார். கோவப்படாதீங்க மாப்ள, மார்கழி போகட்டும், தை பொறந்ததும் புள்ளைய நாங்க தூக்கிட்டுப் போறோம். எங்க வீட்டுல பேசுத வாய்க்குப் பஞ்சமில்ல, ஒங்க அத்தாச்சி இவ ஒருத்தியே போதும். இங்க நீங்க செவரு மாதிரி இருக்கீக, அந்தக்கா கையால பேசுது, டிவியவும் நிறுத்திட்டா புள்ள காதுல என்னதான் விழும்? அத்தை அவரைக் கிள்ளினாள், ஆனால் அவள் மனசிலும் அதுதான். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். உன்னை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும், அவனும் போனால் நான் மில்லிலிருந்து இங்கே எதற்குத் திரும்பி வர வேண்டும்?

அவர்கள் போனதும் வீடு கம்மென்று ஆகிவிட்டது. மாடத்தி அக்கா வாசல்படியில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தம்பி இருட்டாகிப்போன டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான், அழப் போகிறான் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டி, பட்டென்று கவிழ்த்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது சத்யா. மெஷின் நின்றுவிட்டது என்கிறான். நாளெல்லாம் மில்லில் நான் பார்க்கிற அதே சைகை. உன் தம்பி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சேதி அது, வந்து பாரு, நின்னுட்டு என்று. ஆமாலே, நின்னுட்டு, நாந்தான் நிறுத்துனேன் என்றேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். திரும்பவும் கையைக் கவிழ்த்தான், இன்னொரு தரம் சொல்லு என்கிற மாதிரி. நான் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் ஏன் நிற்கிறது, டிரைவ் எப்படிச் சூடாகி ட்ரிப் ஆகித் தானாக நிற்கிறது, அதை ரீசெட் பண்ணுவதற்கு முன்னால் ஃபேனில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும், எல்லாம் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்கிறான். மாடத்தி அக்கா அங்கிருந்தே, புள்ளகிட்ட பேசச் சொன்னா மெயிண்டனன்ஸ் கிளாஸ் எடுக்குதீய என்று சிரித்துவிட்டார். பிறகு அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏலே மேஸ்திரி, ஒனக்கு என்னலே வெளங்குச்சு என்று கேட்டார். வாயால் கேட்டார்.

ஆனால் டிரைவைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? பேச்சு தீர்ந்துவிட்டது. அவன் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் நைட் ஷிப்ட் முடித்துவந்து படுத்திருப்பேன், அடுப்படியில் உங்கம்மா உன்னிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள், அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தூக்கம் வரும். என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. அப்போது பேசினது உனக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் நீ வளர்ந்த பிறகும் அவள் அதே வாய்தானே. உனக்குச் சோறு ஊட்டும்போது என்ன சொல்லுவாள், எண்ணெய் தேய்க்கும்போது என்ன சொல்லிச் சிரிக்க வைப்பாள், நீ கீழே விழுந்தால் யாரைத் திட்டுவாள், தூங்கவில்லை என்றால் எதைச் சொல்லிப் பயமுறுத்துவாள், எல்லாம் எழுதி அனுப்பு. அவள் பேசின மாதிரியே எழுது, நல்ல தமிழில் மாற்றாதே. நான் படித்துப் படித்து அவனிடம் சொல்கிறேன், மாடத்தி அக்காவுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா சொன்னாலே, அம்மா இப்படித்தாம்லே சொல்லுவா என்று சொல்லித்தான் சொல்லுவேன். நீயும் போனில் அம்மா என்கிற வார்த்தையைச் சொல்லு, நான் அழுதுவிடுவேன் என்று பார்க்காதே, அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

உடனே எழுது, தை பிறப்பதற்குள் எனக்கு வந்தாக வேண்டும். மாமா வந்து நிற்கும்போது இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டும். அங்கே குளிர் அதிகம் என்று சித்தி சொன்னாள், காதுக்குத் துணி கட்டாமல் டியூசனுக்குப் போகாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, சித்திக்குக் கூடமாட உதவி செய். ஆண்டாள் தாயாரும் அய்யனாரும் உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ நன்றாகப் படித்து நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நிறைய எழுத வரவில்லை என்றால் நாலு வரி எழுது. உங்கம்மாவின் சேலை, வளையல், போட்டோ எல்லாம் இங்கே பீரோவில் இருக்கிறது. அவள் பேசினது மட்டும் உன்னிடம்தான் இருக்கிறது.

உன் அப்பா
மாரீஸ்வரன்