நான் மொழிபெயர்த்த கடன்

யூலை 10, 2024, புதன்

ட்றிலியம் காசு வரவில்லை. வாடகைக்கும் கரண்டுக்கும் உதவியாக மாகாண அரசாங்கம் மாதாமாதம் போடுவது. இந்த வருடம் அதை அப்படியே என் படிப்புக்கு ஒதுக்கியிருந்தேன். பராமரிப்பு உதவியாளர் வகுப்பு செப்டெம்பரில் தொடங்குகிறது. முதல் கட்டணம் ஓகஸ்ட் முடிவதற்குள் கட்டவேண்டும். பதினொரு வருடம் முதியோர் இல்லத்துக் குசினியில் கோப்பை கழுவியாயிற்று. போதும்.

"பாங்கிலை பிந்தியிருக்கும்" என்றார் என் மனுசன் றெமிஜியஸ். என் முகத்தைப் பார்க்காமல்.

யூலை 15

இன்றும் இல்லை.

யூலை 20, சனி

மல்வேர்னில் இருக்கும் கணக்காளரிடம் போனேன், தனியாக. எங்கள் வரிக் கணக்கெல்லாம் செய்யும் தியாகலிங்கம் அண்ணை கொம்பியூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, அந்தக் காசை றெமிஜியசின்ரை பழைய கடனுக்குப் பிடிச்சுப்போட்டாங்கள்."

"என்ன கடன்?"

"அதை நீங்கள் அவரைத்தான் கேக்கவேணும்."

குடும்பத்துக்கு வருகிற காசு ஏன் அவர் பேருக்குப் போகிறது? "ரெண்டு பேரிலை ஒராளின்ரை பேருக்குத்தான் போகும். நான் எப்பவும் ஆம்பிளையின்ரை பேரிலைதான் போடுறனான்" என்றார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். இல்லாவிட்டால் நல்லாய்க் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். பார்சல் வானைக் கழுவவேண்டும் என்று இறங்கிப் போய்விட்டார். நேற்றுத்தான் கழுவின வான்!

யூலை 22

மதிய இடைவேளையில் அரசாங்க வரிக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்து பாட்டுக் கேட்டேன். கதைத்த பெண் மரியாதையானவள்தான். ஆனால் அவர் கணக்கைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டாளாம். மனைவியென்றாலும் இல்லையாம். இனி வரும் காசை என் பேருக்கு மாற்றுவதென்றாலும் அவர் வாயால்தான் கேட்கவேண்டுமாம்.

பத்தொன்பது வருசம் சமைச்சுப் போட்டவளுக்கு ஒண்டும் சொல்லேலாதாம். நல்ல சட்டம்!

யூலை 25

தபால் பெட்டியைத் திறக்கும் சின்னத் திறப்பு எப்போதும் அவருடைய திறப்புக் கோர்வையில்தான் தொங்கும். ஏன் என்று இவ்வளவு காலமும் நான் யோசிக்கவே இல்லை. மடைச்சி.

மகள் மெலனி அறை வாசலில் நின்று, "அம்மா, ப்ளீஸ், அப்பாவை ஒருக்கா கத்தாமல் கேளுங்கோவன்" என்றாள். இவள் சொல்லியா நான் கேட்கவேண்டும்? கேட்டேன்தான். கத்தாமல்.

"சரி. வரிக் கந்தோருக்குப் போனை எடும்" என்றார். நாளைக்கில்லை, அடுத்த வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு.

ஓகஸ்ட் 2, வெள்ளி

அவருக்கு ஆங்கிலம் பார்சல் குடுக்கிற அளவுக்குத்தான். பேரும் பிறந்த திகதியும் தானே சொன்னார். மிச்சத்தை நான் மொழிபெயர்க்க ஒத்துக்கொண்டார். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டோம்.

கொரோனா நேரம் அரசாங்கம் கொடுத்த உதவிக் காசு எடுத்திருக்கிறார். அதற்கு முதல் வருடம் சாப்பாட்டுக் கடையில் கையில் காசு வாங்கி வேலை செய்தபடியால் வருமானத்துக்குக் கடதாசி இல்லை. தகுதியில்லை, திருப்பித் தா என்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன், நானே எடுத்த காசு மாதிரி.

தாங்கள் போட்ட கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று வரிக் கந்தோரிலிருந்து கதைத்த மனிதர் கேட்டார். இவர் போனைப் பார்த்தே சொன்னார்:

"மனுசிக்குத் தெரியக்கூடாதெண்டு. அந்த மூண்டு மாசமும் அவ வருத்தமாய்ப் படுக்கையிலை. கடையும் பூட்டு. முதலாளி சம்பளம் தாறார் எண்டு சொல்லித்தான் அரிசி, பால்மா எல்லாம் கொண்டந்தனான். பிறகு சொல்லப் பயமாப் போச்சு."

"ஹலோ? ஹலோ?" என்றது போன்.

"மனைவிக்குச் சொல்லப் பயந்தாராம்" என்றேன் ஆங்கிலத்தில்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

சொன்னேன்.

பிடித்தது பிடித்ததுதானாம். இனி வருவதை என் பேருக்கு மாற்றும்படி இவரே கேட்டார், ஆங்கிலத்தில், இரண்டு தரம். பார்த்துவிட்டுக் கடிதம் போடுவார்களாம்.

கோபம் போகேல்லை. நாலு வருசம் மறைச்சிருக்கிறார், கோதாரி! ஆனால் அந்தச் சோற்றை நானும்தானே திண்டனான். இப்ப ஆரைத் திட்டுறது?

ஓகஸ்ட் 30

கட்டணம் கட்டவில்லை. தை மாத வகுப்புக்குப் பெயரை மாற்றிக் கொடுத்தேன். அவரிடம் சொன்னேன். இரவு அவர் சாப்பிடவில்லை, நானும் வாங்கோ என்று கூப்பிடவில்லை.

ஒக்ரோபர் 8, செவ்வாய்

வேலையில் நிற்கும்போது போன்.

"கிளடிஸ், வரிக் கந்தோர்க் கடிதம் வந்திருக்கு."

"உடைச்சுப் பாருங்கோவன்."

"உம்மடை பேருக்கெல்லோ வந்திருக்கு. நீர் வந்து உடையும்."

வந்தேன். மேசையில் கடிதம், அதற்குமேல் தபால் பெட்டித் திறப்பு. நின்றபடியே உடைத்தேன். இந்த மாதத்திலிருந்து ட்றிலியம் காசு என் பேருக்கு வரும். தை மாத வகுப்புக்கு முதல் கட்டணம் கட்ட அது காணும். மாதாவே, நன்றி.

அவர் இன்னொரு கடித உறையைத் தள்ளினார். அவருடைய பேருக்கு வந்தது, உடைக்கவில்லை.

"இதையும் ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

இருந்து வாசித்தேன், முழுவதும், தமிழில். கடன் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். கொஞ்சநஞ்சமில்லை.

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"இருங்கோ," என்றேன். "வான் துப்புரவாய்த்தான் இருக்கு."