மணலில் தேய்த்த பிஸ்டன்

12 மார்ச் 1953, வியாழன்

பயண அலுப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. கொழும்பில் அண்ணன் வீட்டிலிருந்து புறப்படும் முன், எங்கள் ஊர் டாக்டரின் பழுதாகிக் கிடக்கும் மோட்டார் சைக்கிளுக்காக வாங்கிய புது பிஸ்டனைத் தேங்காய் நாரும் மணலும் போட்டு, வெண்கல உருளி விளக்குவதுபோல் தேய்த்தேன். அண்ணிதான் சிரித்துக்கொண்டே மணல் அள்ளித் தந்தாள். பழையது என்றால் தீர்வை இல்லை என்று யாரோ சொன்னதை நம்பினேன். தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். “பழசுதான்” என்றேன். விட்டுவிட்டார்.

இன்று டாக்டர் முன்னால் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி அதை வெளிச்சத்தில் பிடித்தார். “சாரே, மேலெல்லாம் கீறலு. இதப் போட்டா சிலிண்டரும் போயிரும்.”

டாக்டர் என் தோளைத் தட்டினார். “கடக்காரன் பழசத் தலையில கெட்டிட்டான். நீரு என்ன செய்வீரு, விடும்.”

நான் தலையாட்டினேன்.

இரண்டு மாதமாகத் திற்பரப்புப் பக்கத்துப் பிரசவங்களுக்கு அவர் சைக்கிள்தான் மிதிக்கிறார். நாளையும் மிதிப்பார்.

அதிகாரியிடம் வாயால் சொன்ன பொய்யை டாக்டரிடம் தலையால் சொன்னேன். இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.